ஃப்ரீசர் ஜில்லென்று இருக்கிறது, கீழே மட்டும் குளிரவில்லையா? நீங்களே பார்த்துச் சரிசெய்யும் முறை

மேலே ஃப்ரீசர் ஒழுங்காகக் குளிர்கிறது, கீழே வைத்த பால் திரிந்துபோகிறது. இல்லாவிட்டால் காய்கறி ட்ரேக்கு அடியில் துடைக்கத் துடைக்கத் தண்ணீர் தேங்குகிறது. இதை யாரிடம் சொன்னாலும் வரும் முதல் பதில், "கேஸ் போயிருக்கும்." பெரும்பாலும் அது காரணமாக இருப்பதில்லை. ஃப்ரிட்ஜில் இருக்கும் கேஸ் வண்டியில் போடும் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோகாது. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். எங்காவது கசிவு இருந்தால்தான் குறையும்.

எங்கள் டபுள் டோர் ஃப்ரிட்ஜில் இந்த இரண்டு தொல்லைகளும் சேர்ந்தே வந்தன. கேஸ், கம்ப்ரசர் இரண்டிலும் பழுதில்லை. விரல்கூட நுழையாத ஒரு வடிகால் துளை அடைத்திருந்தது, அவ்வளவுதான். அதைச் சரிசெய்த வரிசையிலேயே எழுதுகிறேன். இது ஃப்ராஸ்ட் ஃப்ரீ வகைக்கானது, அதாவது உள்ளே படியும் பனியைத் தானே உருக்கிக்கொள்ளும் ஃப்ரிட்ஜ். சிங்கிள் டோர் வைத்திருப்பவர்கள் நேராகக் கடைசியில் உள்ள பின்சேர்க்கைக்குப் போய்விடலாம்.

முதலில் உள்ளே நடப்பது என்ன?

பெரும்பாலான ஃப்ராஸ்ட் ஃப்ரீ மாடல்களில் குளிர் உண்டாகும் இடம் ஒன்றுதான்: ஃப்ரீசரின் பின்சுவர் பிளாஸ்டிக்குக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் காயில், அதாவது குழாய்ச் சுருள். ஒரு ஃபேன் அந்தக் குளிர்காற்றை ஃப்ரீசருக்குள் தள்ளுகிறது. அதில் ஒரு பங்கு குழாய் வழியாகக் கீழே இறங்குகிறது. கீழ்ப்பகுதிக்குச் சொந்தமாகக் குளிர் கிடையாது. மேலேயிருந்து வரும் காற்றுதான் அதற்கு எல்லாம்.

காற்றில் இருக்கும் ஈரம் காயிலில் பனியாகப் படியும். அதனால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை கம்ப்ரசர் நின்று, காயிலுக்கு அடியில் உள்ள ஹீட்டர் ஓடும். உருகிய தண்ணீர் கீழே இருக்கும் தொட்டியில் விழுந்து, வடிகால் துளை வழியாகக் குழாயில் இறங்கி, கம்ப்ரசருக்கு மேலே உள்ள தட்டில் போய்ச் சேரும். கம்ப்ரசர் சூட்டில் அது ஆவியாகிவிடும்.

இதில் கெடக்கூடிய இடங்கள் இரண்டு. ஹீட்டர் பக்கம் கோளாறு என்றால் பனி உருகாமல் காயிலை மூடிக்கொள்ளும், காற்று நுழையாது, கீழ்ப்பகுதி சூடாகும். வடிகால் அடைத்தால் உருகிய தண்ணீர் போக வழியில்லாமல் மறுபடி உறையும். வழிவது கீழே இறங்கிக் காய்கறி ட்ரேயில் தேங்கும், தேங்கிய ஐஸ் மெல்ல மேலேறிக் காயிலையும் மூடும். அதனால்தான் இரண்டு புகாரும் பல வீடுகளில் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன.

கழற்றுவதற்கு முன்

ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு நடுத்தட்டில் இரவு முழுக்க வைத்துப் பாருங்கள். காலையில் 4 டிகிரி செல்சியஸை ஒட்டி இருந்தால் சரி. ஃப்ரீசருக்கு மைனஸ் 18 தான் கணக்கு. கையை வைத்துப் பார்த்துச் சொல்வதில் எனக்கு நம்பிக்கையில்லை.

காற்று வரும் துவாரத்தை ஏதாவது டப்பா மறைத்திருக்கிறதா என்று பாருங்கள். கதவு ரப்பரின் இடையில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்தால் கொஞ்சமாவது பிடித்துக்கொள்ள வேண்டும். அப்புறம் ஃபேன். பல மாடல்களில் கதவைத் திறந்ததும் ஃபேன் நின்றுவிடும், அதனால் கதவு சுவிட்சை விரலால் அழுத்திக்கொண்டு காது கொடுங்கள். கம்ப்ரசர் ஓடும்போதும் சத்தமே இல்லை என்றால் ஃபேன் போயிருக்கலாம், அல்லது ஐஸ் அதைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம்.

பின்சுவரைக் கழற்றுதல்

பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

ஃப்ரீசரைக் காலி செய்து, கதவைத் திறந்துபோட்டு ஒரு மணி நேரமாவது விடுங்கள். உறைகுளிரில் இருக்கும் பிளாஸ்டிக்கை நெம்பினால் சட்டென்று உடையும். ஸ்குரூக்கள் பெரும்பாலும் சின்ன மூடிகளுக்குள் ஒளிந்திருக்கும். பின்சுவர்த் தகட்டை இழுக்கும்போது பின்னால் வயர் இருக்கும், ஆகவே வேகமாக உருவாதீர்கள். கனெக்டரைக் கழற்றும் முன் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது எதையும் உருக்காமல் காயிலைப் பாருங்கள். மெக்கானிக் வந்தாலும் முதலில் பார்க்கப்போவது இதைத்தான்.

காயில் முழுக்கப் பஞ்சடைத்ததுபோல் வெள்ளையாக இருந்தால் டீஃப்ராஸ்ட், அதாவது ஹீட்டர் பனியை உருக்கும் வேலை, நடக்கவில்லை. காயிலில் லேசான பனிதான், ஆனால் அடியில் கண்ணாடி மாதிரி ஐஸ் பாளம் என்றால் வடிகால் அடைப்பு. பிளக்கைப் பிடுங்கும்வரை ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தும் காயிலின் ஒரு மூலையில் மட்டும் பனி பிடித்து மீதி வெறுமையாக இருந்தால், அப்போதுதான் கேஸைச் சந்தேகப்பட வேண்டும். அது நம் வேலை இல்லை, மூடிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். இப்போதைய ஃப்ரிட்ஜ்களில் பலவற்றில் ஆர்600ஏ என்ற கேஸ் இருக்கிறது. அது ஐசோபியூட்டேன், தீப்பிடிக்கும். எந்த கேஸ் என்று லேபிளில் போட்டிருக்கும். கத்தியோ ஸ்குரூ டிரைவரோ வைத்து ஐஸைக் குத்தக் கூடாது என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

ஐஸ் உருக நேரம் கொடுப்பதே சிறந்த வழி. துணிகளை அடியில் போட்டு, கதவைத் திறந்து வைத்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். அவசரம் என்றால் வெந்நீர், அதுவும் கை பொறுக்கும் சூட்டில். ஹேர் டிரையர் எனக்குப் பிடிக்காது. கீழே தண்ணீர் ஓடும்போது கையில் கரன்ட் சாமான் எதற்கு? பிளாஸ்டிக்கும் வளைந்துபோகும்.

வடிகால்: நிதானமாகச் செய்ய வேண்டிய இடம்

தொட்டியில் ஐஸ் உருகியதும் துளை பளிச்சென்று தெரியும். வேலை முடிந்தது என்று தோன்றும். முடியவில்லை. குழாய்க்குள் ஐஸ் கட்டை இன்னும் இருக்கும். தொட்டியில் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். அது சுழித்துக்கொண்டு உடனே இறங்க வேண்டும், ஃப்ரிட்ஜின் பின்னால் கம்ப்ரசர் மேலுள்ள தட்டில் வந்து சேர வேண்டும். இரண்டையும் கண்ணால் பார்க்காமல் தகட்டைத் திருப்பி மாட்டாதீர்கள்.

இறங்காவிட்டால் ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சு ஒன்றை எடுத்து, அதன் முனையில் மெல்லிய பிளாஸ்டிக் குழாயைச் செருகிக்கொள்ளுங்கள். வெந்நீரைத் துளைக்குள் செலுத்தி, குளிர்ந்ததும் உறிஞ்சி வெளியே எடுத்து, மறுபடி செலுத்துங்கள். கொஞ்ச நேரத்தில் 'களுக்' என்று ஒரு சத்தத்தோடு தண்ணீர் மட்டம் இறங்கும். குழாயில் அழுக்கு இருந்தால் தடித்த நைலான் நரம்பை விட்டு மெதுவாக ஆட்டலாம். இரும்புக் கம்பி வேண்டாம், குழாய் கிழிந்தால் தண்ணீர் பின்சுவரின் ஃபோமுக்குள் இறங்கிவிடும்.

எங்கள் ஃப்ரிட்ஜில் இழுத்தடித்தது இதற்கு அடுத்த கட்டம்தான். மேலே சுத்தமாக இருக்கும், ஆனால் சில நாளில் அதே அடைப்பு திரும்ப வரும். காரணம் குழாயின் கீழ்முனையில் இருக்கிறது. பின்பக்கக் கீழ் மூடியைக் கழற்றினால் வடிகால் குழாய் தட்டுக்கு மேலே முடியும் இடம் தெரியும். பல மாடல்களில் அங்கே ஒரு ரப்பர் மூடி மாட்டியிருப்பார்கள். வெளிக்காற்று மேலே ஏறாமல் தடுக்க, நடுவில் ஒரு கீறல் மட்டும் உள்ள மூடி. தண்ணீர் வந்தால் கீறல் விரிந்து வழிவிட வேண்டும். நாளாக ஆக வழுவழுப்பான அழுக்கு படிந்து அந்தக் கீறல் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் வெளியேறாமல் குழாயில் நின்று, மேல்முனையில் உறைந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். மூடியை உருவி, சோப்புத் தண்ணீரில் கழுவி, கீறலை விரலால் பிதுக்கித் திறக்கிறதா என்று பார்த்து மாட்டுங்கள்.

இன்னொன்று. சில மாடல்களில் ஹீட்டரிலிருந்து துளைக்குள் ஒரு அலுமினியப் பட்டை தொங்கும். ஹீட்டரின் சூட்டைத் துளைக்குக் கொண்டுபோவதுதான் அதன் வேலை. அது கழன்று கிடந்தால் பழைய இடத்தில் மாட்டுங்கள்.

பனி காயிலை மூடியிருந்தால்

மின் இணைப்பை அளக்கும் மல்ட்டிமீட்டர் வேண்டும். சாதாரணமானதே போதும், டெஸ்டர் ஸ்குரூ டிரைவர் இதற்கு உதவாது. பிளக் பிடுங்கிய நிலையில், ஹீட்டரின் இரு வயர்களையும் கழற்றி, மீட்டரை ஓம் அளவில் வைத்து, ஹீட்டரின் இரு முனைகளிலும் தொட்டுப் பாருங்கள். ஏதாவது ஒரு எண் காட்டினால் ஹீட்டர் உயிரோடு இருக்கிறது. இணைப்பே இல்லை என்று காட்டினால் போய்விட்டது.

அடுத்து காயிலில் மாட்டியிருக்கும் பைமெட்டல், குளிரைப் பொறுத்து ஹீட்டருக்கு கரன்ட் கொடுத்து நிறுத்தும் சின்ன சுவிட்ச். இங்கேதான் பலர் நல்ல பார்ட்டைத் தூக்கி எறிகிறார்கள். பைமெட்டல் குளிரில் மட்டும்தான் இணைப்புக் கொடுக்கும். அறைச் சூட்டில் சோதித்தால் இணைப்பு இல்லை என்றுதான் காட்டும், அது கோளாறு அல்ல. பொடித்த ஐஸில் உப்புக் கலந்து அதில் புதைத்து வைத்துவிட்டு அளந்து பாருங்கள். சூடு மீறினால் அறுந்து ஹீட்டரை நிறுத்தும் தெர்மல் ஃப்யூஸ் இதற்கு நேர்மாறு, அது எப்போதும் இணைப்புக் காட்ட வேண்டும். ஃப்யூஸ் போயிருந்தால் அதே அளவில் புதியது போடுங்கள். நேரடியாக வயரை முறுக்கி ஓட்டச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள், ஹீட்டர் அணையாமல் ஓடினால் உள்ளே பிளாஸ்டிக் உருகும்.

புதிய மாடல்களில் பைமெட்டலுக்குப் பதில் சென்சாரும் போர்டும் இருக்கும். ஹீட்டர், பைமெட்டல் அல்லது சென்சார், ஃப்யூஸ் மூன்றும் சரியாக இருந்து ஒன்றிரண்டு வாரத்தில் பனி திரும்ப மூடினால், டீஃப்ராஸ்ட் நேரத்தை நடத்தும் டைமரையோ போர்டையோ பார்க்க வேண்டும். அதற்கு ஆள் வரட்டும்.

பின்சேர்க்கை: படித்தவர்கள் கேட்டவை

சிங்கிள் டோர் வகையில் பெரும்பாலும் காயில் இப்படி ஒளிந்திருக்காது, ஃபேனும் கிடையாது. கீழ்ப்பகுதியின் பின்சுவரில் நீர்த்துளிகள் நிற்பது இயல்பு. அவை வழிந்து இறங்கும் வாய்க்காலின் நடுவே ஒரு துளை இருக்கும், அதைத்தான் அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டும். ஃப்ரீசரில் ஐஸ் அரை சென்டிமீட்டர் தடித்ததும் டீஃப்ராஸ்ட் பட்டனை அழுத்திவிடுங்கள்.

பக்கச் சுவர் சுடுகிறது என்று சிலர் பயந்து எழுதியிருந்தார்கள். பல மாடல்களில் சூட்டை வெளியேற்றும் குழாய் சுவருக்குள்ளேயே ஓடுகிறது, அதனால் சுடத்தான் செய்யும். ஃப்ரிட்ஜை வீட்டுச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். ஃப்ரிட்ஜின் பக்கச் சுவரில் ஸ்குரூ அடித்து எதையும் மாட்டவும் கூடாது. குழாய் வெளியே பின்பக்கம் தெரியும் மாடல் என்றால் பெயின்ட் பிரஷ் கொண்டு தூசி தட்டுங்கள். வாக்குவம் கிளீனரைவிட இடுக்குகளுக்குள் அது நன்றாகப் போகிறது.

சில நிமிடங்களுக்கு ஒருமுறை 'டிக்' சத்தம், ஆனால் கம்ப்ரசர் ஓடவில்லை என்றால், கம்ப்ரசரைக் கிளப்பிவிடும் ஸ்டார்ட்டிங் ரிலே போயிருக்கலாம். கழற்றிக் குலுக்கினால் உள்ளே ஏதோ உடைந்து உருள்வது கேட்டால் மாற்றிவிடலாம். வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடும் இன்வெர்ட்டர் கம்ப்ரசருக்கு இது பொருந்தாது.

தகட்டை மாட்டிய பிறகு 'டர்ர்' என்று ஒரு சத்தம் வருகிறது என்று சிலருக்குப் பிரச்சினை. பழுது எதுவும் இல்லை, ஃபேன் இறக்கையில் வயர் உரசுகிறது. திரும்பக் கழற்றி, வயரை அதன் பள்ளத்தில் உட்காரவைத்து, இறக்கையை விரலால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.