வன்னியில இருந்து சர்வதேச நீச்சல் போட்டி பாக்கப் போறதெண்டா

நீச்சல் போட்டியெண்டா கன பேர் ஃபைனலுக்குத்தான் டிக்கெட் தேடுவினம். எங்கட பக்கத்தில இருந்து காசு சேத்துப் போற ஆக்களுக்கு காலமை நடக்கிற ஹீட்ஸ், அதாவது தகுதிச் சுற்றுகள்தான் சரியெண்டு நான் சொல்லுவன், பின்னேர ஃபைனல் ஒண்டோ ரெண்டோ எடுத்தாக் காணும். ஏனெண்டு பிறகு சொல்லுறன், முதல் எங்க போறதெண்டு பாப்பம்.

உலக சம்பியன்ஷிப் 2025ல சிங்கப்பூரில நடந்தது, அடுத்தது 2027ல புடாபெஸ்ட். அதுக்கு ஷெங்கன் எண்ட ஐரோப்பிய விசா வேணும், பாங்க் ஸ்டேட்மென்ட், காணி உறுதி, வேலைக் கடிதம் எண்டு ஒரு ஃபைலே கட்டோணும், வயல் செய்யிற ஆக்களெண்டா காசு போகத்துக்குப் போகம்தானே வரும், நெல்லு வித்த காசைக் கையில வைச்சு முடிக்காம ஒரு வருசத்துக்கு முந்தியே எக்கவுண்டில போட்டு எடுத்து ஓடவிட்டுக் கொண்டிருங்கோ, கடைசி மாசம் மொத்தமாக் கொண்டுபோய்ப் போட்டா விசாக்காரர் கேள்வி கேப்பினம். அவ்வளவு தூரம் ஏலாதெண்டா 2030 கொமன்வெல்த் விளையாட்டு அகமதாபாத்தில, பலாலியில ஏறினா சென்னை, அங்கயிருந்து உள்ளூர் பிளேன். எங்களுக்கு இது கிட்டடிதான். ஒரு விசயம், போட்டியின்ர பேரைப் பாத்து ரூம் போடாதேங்கோ. 2026 ஆசிய விளையாட்டுக்குப் பேர் ஐச்சி-நாகோயா, நீச்சலுக்குப் போட்ட இடம் டோக்கியோ, ரெண்டுக்கும் இடையில கடுகதி ரயிலில போனாலும் ஒண்டரை மணித்தியாலத்துக்கு மேல. முதல் எந்தத் தடாகம் எண்டு பாத்திட்டுத்தான் ஹோட்டல்.

பாஸ்போட் இல்லாத ஆக்கள் வவுனியாவிலயே அலுவல் பாக்கலாம். டிக்கெட்டுக்கு எங்கட டெபிட் கார்ட் எல்லாம் நேர வேலை செய்யாது, பாங்க்குக்குப் போய் வெளிநாட்டு ஒன்லைன் பேமென்டைத் திறந்து விடச் சொல்லோணும். போட்டி நடத்திற ஆக்களின்ர சைட்டில மட்டும் வாங்குங்கோ, முகநூலில மலிவா விக்கிறதுகளை நம்பாதேங்கோ. இப்ப டிக்கெட் போனுக்குள்ளதான் வருது, சில இடத்தில கியூஆர் கோட் மாறிக்கொண்டே இருக்கும், ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைச்சாச் செல்லாது, அதால போய் இறங்கினவுடன டேட்டா சிம் போடுங்கோ.

கட்டுநாயக்காவுக்கு கிளிநொச்சியில இருந்து வேற வாகனம் பிடிக்கத் தேவையில்லை. கொழும்புக்குப் போற இரவு பஸ் கனக்க புத்தளம், நீர்கொழும்பு வழியாத்தான் போறது, ஏறேக்கயே கொண்டக்டரிட்ட எயார்போட் எண்டு சொல்லி வையுங்கோ. நித்திரையாப் போனா விடியக் கொழும்பிலதான் முழிப்பீங்கள்.

இனி ஹீட்ஸ் விசயம். ஒரு நாள் போட்டி ரெண்டு பகுதியா நடக்கும், காலமை ஹீட்ஸ், பின்னேரம் அரையிறுதியும் ஃபைனலும், ரெண்டுக்கும் வேற வேற டிக்கெட். எங்கட நாட்டு ஆக்கள் உலக மட்டத்தில பெரும்பாலும் காலமையோட முடிஞ்சிடுவினம், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில கைல் அபேசிங்கவும் 100 மீற்றர் ஃப்ரீஸ்டைல் ஹீட்ஸோடதான் நிண்டவர். எங்கட கொடியைப் பாக்கோணுமெண்டா காலமைதான். அதிலயும் நேரத்துக்குப் போகோணும், ஏனெண்டா பேர் குடுக்கேக்க குடுத்த நேரத்தை வைச்சு மெதுவான ஆக்களை முதல் ஹீட்டுகளிலயும் வேகமான ஆக்களைக் கடைசி ஹீட்டுகளிலயும் போடுவினம். ஆறுதலா உள்ள வந்து இருக்கிற ஆள் பெரிய பேருகளை மட்டும்தான் பாப்பார், எங்கட பெடியன் அதுக்கு முந்தியே நீந்தி முடிஞ்சு துவாயோட போயிருப்பான். 50 மீற்றர் ஃப்ரீஸ்டைல் ஹீட் ஒண்டு அரை நிமிசம் கூட இல்லை, தேத்தண்ணி வாங்கக் கியூவில நிண்டாப் போச்சுது. முதல் நாள் இரவே ஸ்டார்ட் லிஸ்ட் நெட்டில வரும், அதைப் பாத்து ஹீட் நம்பரையும் லேனையும் கையில எழுதி வைச்சிருங்கோ.

எங்க இருக்கிறதெண்டா, காசு கூடின முன் சீட்டில இருந்தா கிட்டடி லேன் வடிவாத் தெரியும், மற்ற லேன் எல்லாம் தண்ணி தெறிக்கிறதுக்குள்ள மறைஞ்சிடும். மேல போங்கோ, மலிவும். 100 மீற்றரும் அதுக்கு மேலயும் வெளிக்கிடுற பக்கத்திலதான் முடியும், 50 மட்டும் எதிர்ப்பக்கம் குதிச்சு இஞ்சால வந்து முடியும், அதால முடியிற கரைப் பக்கமா மேல சீட் எடுத்தா ரெண்டும் பாக்கலாம். மேல இருந்து பாத்தாத்தான் குதிச்ச பிறகு தண்ணிக்குக் கீழ டொல்பின் மாதிரி அடிச்சுக் கொண்டு போறது தெரியும், 15 மீற்றருக்குள்ள தலை வெளிய வந்திடோணும், லேன் கயித்தில அந்த இடத்தில நிறம் மாறியிருக்கும். கன ஓட்டம் அங்கதான் முடிவாகிறது, டிவியில இது சரியா விளங்காது.

வெளிக்கிடுற நேரம் ஒரு முறை இருக்கு. விசில் நாலைஞ்சு தரம் கட்டை கட்டையா அடிப்பினம், பிறகு நீளமா ஒண்டு, ஆக்கள் குதிக்கிற கட்டையில ஏறுவினம், அப்ப முழு அரங்கமும் சத்தமில்லாம இருக்கோணும், அந்த நேரம் ஆரும் ஊருக்குக் கோல் எடுத்துக் கத்திக் கதைச்சா எல்லாரும் திரும்பிப் பாப்பினம். ஃபிளாஷ் அடிக்கவே கூடாது. வெளிக்கிடுற சத்தம் கேக்க முந்தி வெளிக்கிட்டா ஆள் வெளிய, ரெண்டாம் சான்ஸ் இல்லை. குதிச்ச பிறகு நீங்கள் தொண்டை கிழியக் கத்தலாம்.

ஃபைனலில நாலாம் லேனைப் பாருங்கோ, வேகமாத் தேறின ஆள் அதிலதான், அடுத்தது அஞ்சு, பிறகு மூண்டு, ஆறு எண்டு வெளிப்பக்கமாப் போகும். பெரிய போட்டிகளில முடிஞ்சவுடன நேரம் காட்டுற பலகையைத் தேடாம முடியிற பக்கத்துக் கட்டையைப் பாருங்கோ, ஒரு லைட் எரிஞ்சா முதலாவது, ரெண்டெண்டா ரெண்டாவது, மூண்டெண்டா மூண்டாவது. பலகையில டிஎஸ்கியூ எண்டு வந்தா வெட்டிப்போட்டினம் எண்டு அர்த்தம். அரையிறுதிதானே எண்டு வெளிய போறதும் பிழை, 2025 சிங்கப்பூரில பிரான்ஸ்காரர் லியோன் மார்ஷோன் 200 மீற்றர் தனிநபர் மெட்லியில (ஒரே ஆள் நாலு விதமாவும் நீந்திற போட்டி) 1:52.69 எண்டு உலக சாதனை வைச்சது ஒரு அரையிறுதியிலதான், 2011ல இருந்து ஆரும் தொடாத 1:54.00ஐ ஒரேயடியா ஒரு செக்கனுக்கு மேல குறைச்சவர்.

சாப்பாடு தண்ணி உள்ள விடுவினமோ எண்டது இடத்துக்கு இடம் மாறும், சைட்டில ஒருக்காப் பாத்திட்டுப் போங்கோ. தண்ணியை 25க்கும் 28க்கும் இடையில வைச்சிருப்பினம், ஆனா பாக்கிற ஆக்கள் இருக்கிற பக்கம் ஒரு இடத்தில ஏசி போட்டு நடுங்கும், இன்னொரு இடத்தில புழுங்கும், மெல்லிய சுவெற்றர் ஒண்டு பையில கிடக்கட்டும்.

போக முந்தி கொழும்பில சுகததாச தடாகத்தில நடக்கிற உள்ளூர் போட்டி ஒண்டைப் போய் இருந்து பாத்தா நல்லம், விசிலும் ஹீட்டும் லேனும் பழகிடும். இரணைமடுவிலயும் வாய்க்காலிலயும் நீந்தி வளந்த பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு போங்கோ, அதுகளுக்குத்தான் எங்களைவிடக் கெதியா விளங்கும்.

ரிலே அனேகமா இரவுக்குக் கடைசியாத்தான் வரும், சனம் அரைவாசி எழும்பினாலும் இருந்து பாருங்கோ, ஆனா கடைசி ரயில் எத்தினை மணிக்கெண்டு பகலே பாத்து வைச்சிட்டு.