பிள்ளையோடு இங்கிலாந்து வருகிறீர்களா? இ.ஹெச்.சி. பிளானில் எஃப் பகுதியை வரிவரியாகப் படியுங்கள்

ஊரிலிருந்து வரும்போது மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, 40 சதவீதம் என்று எழுதிய மருத்துவக் குழுச் சான்று எல்லாவற்றையும் பத்திரமாகக் கொண்டு வருகிறோம். இங்கே பள்ளி விஷயத்தில் அந்தச் சதவீதத்தை யாரும் கேட்பதில்லை. பிள்ளைக்கு வகுப்பில் எது முடியவில்லை, அதற்கு என்ன உதவி வேண்டும் என்றுதான் பார்ப்பார்கள். ஆனாலும் ஊரில் எடுத்த பேச்சுப் பயிற்சி, ஆக்குபேஷனல் தெரபி அறிக்கைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வைத்துக்கொள்ளுங்கள். அவை நல்ல ஆதாரம்.

அந்த உதவியைச் சட்டப்படி எழுதிக் கொடுக்கும் ஆவணம்தான் இ.ஹெச்.சி. பிளான் (கல்வி, சுகாதாரம், பராமரிப்புத் திட்டம்). அதைத் தருவது உள்ளூராட்சி அமைப்பான கவுன்சில். இங்கே சொல்வது இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் விதிகள் வேறு.

முதலில் விசா பயம். 'பொது நிதி உதவி கிடையாது' என்ற நிபந்தனை விசாவில் இருப்பவர்கள், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான டி.எல்.ஏ. போன்ற அரசு உதவித்தொகைகளைக் கேட்கக் கூடாது. கேட்டால் விசாவுக்கே சிக்கல். அரசுப் பள்ளிப் படிப்பும் இ.ஹெச்.சி. பிளானும் அந்த நிபந்தனைக்குள் வராது. இரண்டையும் குழப்பிக்கொண்டு, உரிமையுள்ள பிளானையும் கேட்காமல் இருந்துவிடுகிற குடும்பங்கள் உண்டு. வீணாவது பிள்ளையின் காலம்.

நடைமுறை இதுதான். பள்ளியின் சென்கோவிடம், அதாவது சிறப்புக் கல்வித் தேவைகளைக் கவனிக்கும் ஆசிரியரிடம், பேசுங்கள். அவர் 'இப்போதுதானே வந்திருக்கிறான், இங்கிலீஷ் வரட்டும், பார்ப்போம்' என்றால் காத்திருக்க வேண்டாம். தமிழிலும் அதே சிரமம் இருந்தது என்று எழுத்தில் கொடுங்கள். பிளானுக்கான மதிப்பீடு கேட்டு நீங்களே கவுன்சிலுக்கு மின்னஞ்சல் அனுப்பலாம். பள்ளியின் சம்மதமோ மருத்துவர் வைத்த நோய்ப் பெயரோ தேவையில்லை. 2014ஆம் ஆண்டின் பிள்ளைகள், குடும்பங்கள் சட்டம், 36ஆம் பிரிவு என்று குறிப்பிடுங்கள். 6 வாரத்துக்குள் பதில் வர வேண்டும், மொத்தம் 20 வாரத்துக்குள் இறுதிப் பிளான் கைக்கு வர வேண்டும். கெடுவைத் தவறவிடும் கவுன்சில்கள் நிறைய, அதனால் அனுப்பிய தேதியைக் குறித்து வையுங்கள். கடித மாதிரிகள் இப்சியா என்ற தொண்டு நிறுவனத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அடிபட்டது இதற்குப் பிறகுதான். வரைவுப் பிளான் வந்தது. பக்கம் பக்கமாகப் பிள்ளையைப் பற்றி அழகாக எழுதியிருந்தது. மகிழ்ச்சியோடு 'சரி' என்று பதில் போட்டுவிட்டார்கள். பள்ளி திறந்த பிறகு பேச்சுப் பயிற்சியாளர் எங்கே என்று கேட்டால், வாரம் ஒரு முறை என்று பிளானில் எங்கும் இல்லையே என்றார்கள். உண்மையிலேயே இல்லை.

பிளானில் ஏ முதல் கே வரை பகுதிகள் உண்டு. பிள்ளையின் தேவைகள் பி பகுதியில், அவற்றுக்கான கல்வி உதவி எஃப் பகுதியில், பள்ளியின் பெயர் ஐ பகுதியில் இருக்கும். எஃப் பகுதியில் எழுதியதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது கவுன்சிலின் சட்டக் கடமை, அதே சட்டத்தின் 42ஆம் பிரிவு. பணம் இல்லை, ஆள் இல்லை என்பது பதிலாகாது. அதனால்தான் அந்த இடத்தில் வழுக்கலான சொற்கள் வந்து உட்கார்கின்றன: 'ஆக்சஸ் டு' (கிடைக்க வழி), 'ஆப்பர்சூனிட்டீஸ் ஃபார்' (வாய்ப்புகள்), 'வுட் பெனிஃபிட் ஃப்ரம்' (இருந்தால் பயன்படும்), 'ஆஸ் ரிக்வயர்ட்' (தேவைப்படும்போது), 'அப் டு' (அதிகபட்சம்). 'அப் டு 10 மணி நேரம்' என்றால் ஒரு மணி நேரம் கொடுத்தாலும் கணக்குச் சரி. மொழி தெரியாத புதுக் குடும்பத்திடம் இப்படி ஒரு தாளை நீட்டுவது அநியாயம்.

ஒவ்வொரு வரியிலும் ஐந்து விவரம் இருக்க வேண்டும்: என்ன உதவி, யார் தருவார், அவருடைய தகுதி என்ன, எவ்வளவு நேரம், எத்தனை முறை. இப்படி: 'பேச்சு மொழிப் பயிற்சியாளர், பள்ளி நடக்கும் 38 வாரமும், வாரம் ஒரு முறை, 45 நிமிடம், தனியாக; அவரிடம் பயிற்சி பெற்ற உதவி ஆசிரியர் தினமும் 15 நிமிடம்.' இது உதாரணம்தான். உங்கள் பிள்ளைக்கான எண்களை நிபுணர் அறிக்கையே சொல்ல வேண்டும். அறிக்கை மழுப்பினால் அதை எழுதியவரிடமே எண்ணைக் கேளுங்கள். பி பகுதியிலுள்ள ஒவ்வொரு தேவைக்கும் எஃப் பகுதியில் ஓர் உதவி இருக்கிறதா என்று பேனாவால் கோடு போட்டு இணைத்துப் பாருங்கள். பேச்சுப் பயிற்சியைச் சுகாதாரத்துக்கான ஜி பகுதிக்குத் தள்ளியிருந்தால் எஃப் பகுதிக்கு மாற்றச் சொல்லுங்கள். பிளானை எதிர்த்துப் பெற்றோர் முறையிடும் தீர்ப்பாயம், ஜி பகுதி பற்றிப் பரிந்துரைக்கத்தான் முடியும், கட்டளையிட முடியாது.

வரைவுக்குப் பதில் சொல்லக் குறைந்தது 15 நாள் தருவார்கள். முழுவதையும் பயன்படுத்துங்கள். திருத்தங்களை எழுத்தில் அனுப்புங்கள், தொலைபேசியில் பேசி முடிக்காதீர்கள். சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு ஆலோசனை தரும் உங்கள் வட்டார செண்டியாஸ் சேவை இலவசமாக உதவும். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றும் கேளுங்கள்.

திருத்தாமலே இறுதிப் பிளான் வந்தால் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. அதற்குமுன் சமரச ஆலோசகரைத் தொடர்புகொண்டு சான்று வாங்க வேண்டும். சமரசத்தில் விருப்பமில்லை என்றாலும் சான்று தருவார்கள். கவுன்சில் கடிதத் தேதியிலிருந்து 2 மாதம், சான்றுத் தேதியிலிருந்து 1 மாதம், இவற்றில் எது பிந்தியதோ அதுவே கெடு. விசாரணைக்குப் பல மாதம் ஆகலாம். அண்மை ஆண்டுகளில் விசாரணை வரை போன வழக்குகளில் மிகப் பெரும்பாலானவை பெற்றோர் பக்கமே தீர்ந்திருக்கின்றன.

வீட்டில் தமிழை நிறுத்தி ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இரு மொழி பேசுவதால் பேச்சுத் தாமதம் வருவதில்லை. அப்பாயியும் அம்மாச்சியும் வீடியோவில் பேசுவது பிள்ளைக்குப் புரிய வேண்டும். மதிப்பீட்டின்போதும் தமிழில் என்ன பேசுகிறான், என்ன புரிந்துகொள்கிறான் என்று பார்க்கச் சொல்லுங்கள். அதையும் பி பகுதியில் எழுதச் சொல்லுங்கள்.