காருக்கு ரீகால் வந்தால்: கடலூர், புதுச்சேரிக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விற்ற கார்களில் ஏதோ ஒரு பாகம் கோளாறு என்று கம்பெனிக்குத் தெரியவந்தால், வண்டியைக் கொண்டுவாருங்கள், இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று அழைக்கும். அதுதான் ரீகால். செய்தி வந்த அன்று டீக்கடை வரைக்கும் பேச்சு ஓடும். "நம்ம வண்டி அந்த லிஸ்டில் இருக்கா" என்று பார்ப்பவர்தான் குறைவு.

கடிதம் வரும் என்று காத்திருப்பது

நம் பக்கத்தில் நடக்கும் தவறுகளில் இதுதான் பெரியது. கம்பெனி யாருக்குத் தகவல் அனுப்பும்? தன் கணக்கில் இருக்கும் முகவரிக்கும் போன் நம்பருக்கும். அது பெரும்பாலும் ஷோரூமில் முதலில் வண்டி எடுத்தவருடையது. நீங்கள் பழைய கார் விற்கும் கன்சல்டிங்கில் மூன்றாவது கையாக வாங்கியிருந்தால், உங்கள் பெயரே கம்பெனிக்குத் தெரியாது.

புதுச்சேரிப் பதிவு வண்டிகளில் இது இன்னும் சிக்கல். சாலை வரி குறைவு என்பதால் பிஒய் 01 நம்பர் போட்டுக்கொண்டு கடலூர், விழுப்புரம், சென்னை என்று ஓடும் கார்கள் எத்தனை என்று நமக்கே தெரியும். ஆர்சியில் லாஸ்பேட்டையில் ஒரு சொந்தக்காரர் வீட்டு முகவரி இருக்கும், வண்டி நிற்பது பண்ருட்டியில். ரீகால் கடிதம் லாஸ்பேட்டைக்குப் போகும். அந்தச் சொந்தக்காரர் வீடு மாறியிருந்தால் வந்த வழியே திரும்பும். கடலூர்ப் பதிவான டிஎன் 31 வண்டிகளும் இதற்கு விலக்கு இல்லை. ஃபார்ம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி டேஷ்போர்டுக்குள் வைத்துக்கொண்டு, பெயர் மாற்றாமலே வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். விபத்து, இன்ஷூரன்ஸ் தலைவலி ஒரு பக்கம் என்றால், ரீகால் தகவலும் பழைய ஓனரோடு நின்றுவிடும்.

ஆகவே நாமாகத் தேடிப் போவதே வழி. ஆர்சி புக்கில் இருக்கும் சேசிஸ் நம்பரை எடுங்கள். 17 எழுத்தும் எண்ணும் கலந்தது. கார் கம்பெனிகள் பலவற்றின் இணையதளத்தில் அதைப் போட்டுப் பார்க்க இடம் இருக்கிறது. இல்லையென்றால் அதே பிராண்டு சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டு, "இந்த சேசிஸ் நம்பருக்கு ஏதாவது ரீகால் பாக்கி இருக்கா?" என்று கேட்டாலே போதும். ஒரு சின்ன விஷயம்: அந்த 17-ல் ஆங்கில எழுத்துகள் ஐ, ஓ, கியூ மூன்றும் வராது. அதனால் வட்டமாகத் தெரிவது பூஜ்யம், ஒற்றைக் கோடாகத் தெரிவது ஒன்று. இதை மாற்றி அடித்துவிட்டு, "நம்பர் தப்பு என்று வருகிறதே" என்று விட்டுவிடாதீர்கள்.

மாடல் பெயரை மட்டும் பார்த்து முடிவு கட்டவும் வேண்டாம். 2023 ஜனவரியில் மாருதி 17,362 கார்களைத் திரும்ப அழைத்தது. ஆல்டோ கே10, எஸ்-பிரஸ்ஸோ, ஈகோ, பிரெஸ்ஸா, பலேனோ, கிராண்ட் விட்டாரா எல்லாம் அதில் உண்டு. ஆனால் 2022 டிசம்பர் 8 முதல் 2023 ஜனவரி 12 வரை தயாரானவை மட்டும்தான். அதே தெருவில் இரண்டு பலேனோ நின்றால் ஒன்றுக்கு இருக்கும், இன்னொன்றுக்கு இருக்காது. இங்கே கணக்கு, வண்டி தயாரான தேதி. நீங்கள் டெலிவரி எடுத்து மாலை போட்ட தேதி இல்லை.

'வண்டி நல்லாத்தானே ஓடுது'

ரீகாலில் வரும் கோளாறுகளில் பல, வண்டி ஓட்டும்போது தெரியவே தெரியாதவை. சத்தம் வராது, மைலேஜ் குறையாது, டேஷ்போர்டில் விளக்கும் எரியாது.

டகாட்டா ஏர்பேக் விவகாரம் இதற்குச் சரியான உதாரணம். உலகிலேயே பெரிய ரீகால் அதுதான். அமெரிக்காவில் மட்டும் சுமார் 6.7 கோடி இன்ஃப்ளேட்டர்கள். மோதும் நொடியில் பையை ஊத வைக்கும் உலோகக் குப்பிதான் இன்ஃப்ளேட்டர். ஜப்பானைச் சேர்ந்த டகாட்டா அதற்குள் அம்மோனியம் நைட்ரேட் கலந்த வில்லைகளை வைத்தது. கோளாறான குப்பிகளில் ஈரத்தை உறிஞ்சும் பொருள் வைக்கவில்லை. வருடக்கணக்கில் வெயிலும் காற்றின் ஈரமும் சேர்ந்து அந்த வில்லைகளைக் கெடுத்துவிடும். கெட்ட வில்லை, எரிய வேண்டிய வேகத்தைவிடப் பல மடங்கு வேகமாக எரியும். அழுத்தம் தாங்காமல் குப்பியே வெடிக்கும், உலோகச் சில்லுகள் ஓட்டுபவரின் கழுத்திலும் முகத்திலும் பாயும். வேறு கார்களில் சிராய்ப்போடு போயிருக்கும் சாதாரண இடியிலேயே ஆட்கள் இறந்திருக்கிறார்கள். 2017-ல் டகாட்டா திவாலானது.

நாம் கவனிக்க வேண்டியது அந்த வெயிலும் ஈரமும்தான். அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு அதிக ஆபத்து என்று முதலில் ஒதுக்கிய இடங்கள் ஃபுளோரிடா, மெக்சிகோ வளைகுடாக் கரை, ஹவாய் மாதிரியான சூடான கடலோரப் பகுதிகள். மலேசியாவிலும் உயிர்ப்பலி நடந்தது. கடலூர் முதுநகரும் தேவனாம்பட்டினமும் புதுச்சேரிக் கடற்கரையும் எந்த வகையில் சேரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மூடி போட்டு வைத்த உப்பு ஜாடியே நீர்த்துப்போகிற ஊர் இது. குளிர்ந்த, வறண்ட ஊரில் பல வருடம் தாங்கக்கூடிய குப்பி இங்கே அவ்வளவு தாங்காது. இந்தியாவில் ஹோண்டா பல தவணைகளில் இந்தக் கார்களை அழைத்தது. 2017 ஜனவரியில் மட்டும் 2012-ல் தயாரான சிட்டி, ஜாஸ், சிவிக், அக்கார்டு என்று 41,580 வண்டிகள். இந்த வயதுள்ள சிட்டிதான் இன்று கன்சல்டிங்கில் "சிங்கிள் ஓனர் சார், டாக்டர் வண்டி" என்று நிற்கிறது. ஏசி கூல் ஆகிறதா, டயர் எப்படி என்றெல்லாம் பார்க்கிறோம். ஏர்பேக் மாற்றியாகிவிட்டதா என்று கேட்பதே இல்லை.

தற்காலிகமாகச் சொன்னதைக் காதில் வாங்காதது

பாகம் வந்து சேர நாளாகும். அதுவரை என்ன செய்யக்கூடாது என்று அறிவிப்பிலேயே ஒரு வரி இருக்கும். அந்த வரியைத்தான் நாம் தாண்டிவிடுகிறோம். மேலே சொன்ன மாருதி ரீகாலில், ஏர்பேக் கன்ட்ரோலரை மாற்றும்வரை வண்டியை ஓட்டவே வேண்டாம் என்றார்கள். 2021 செப்டம்பரில் சியாஸ், எர்டிகா, விட்டாரா பிரெஸ்ஸா, எஸ்-கிராஸ், எக்ஸ்எல்6 பெட்ரோல் வண்டிகள் 1,81,754-ஐ மோட்டார் ஜெனரேட்டர் யூனிட்டுக்காக அழைத்தபோது, தண்ணீர் தேங்கிய இடத்தில் ஓட்டாதீர்கள், மின் பாகங்களில் நேராகத் தண்ணீர் பீய்ச்சாதீர்கள் என்றார்கள். அதுவும் ஐப்பசி, கார்த்திகை நெருங்கும் நேரத்தில். 2015 வெள்ளத்தையும் 2024 ஃபெஞ்சல் புயலையும் பார்த்த கடலூரிலும் புதுச்சேரியிலும் அந்த வரி சும்மா போட்டது இல்லை. வாட்டர் வாஷுக்கு விடும்போது பானெட்டைத் திறந்து பிரஷர் அடிக்கும் பையனிடம் அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

ஜெனரல் மோட்டார்ஸ் 2014-ல் அமெரிக்காவில் இக்னிஷன் ஸ்விட்சுக்காக லட்சக்கணக்கான கார்களை அழைத்தது. சாவிக்கொத்து கனமாக இருந்தாலோ வண்டி குலுங்கினாலோ சாவி தானாகத் திரும்பி இன்ஜின் அணைந்துவிடும், ஏர்பேக்கும் விரியாது. 124 பேர் இறந்தார்கள். ஸ்விட்ச் மாற்றும்வரை வளையத்தில் கார் சாவியைத் தவிர வேறு எதுவும் மாட்டாதீர்கள் என்பதுதான் அப்போது சொன்ன எச்சரிக்கை. வீட்டுச் சாவி, பீரோ சாவி, திருப்பதி வெங்கடாசலபதி எல்லாவற்றையும் ஒரே வளையத்தில் மாட்டுகிற நமக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம்.

தெரிந்த மெக்கானிக்கிடம் விடுவது

நம் ஷெட் மெக்கானிக்குகள் கெட்டிக்காரர்கள், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் ரீகால் பாகம் அவர்கள் கைக்கு வராது. வெளியில் வாங்கிப் போட்டால் காசும் உங்களுடையது, கம்பெனிக் கணக்கில் உங்கள் வண்டி 'பாக்கி' என்றேதான் இருக்கும். அதைவிட மோசம், ஏர்பேக் விளக்கு தொல்லை என்று ஃபியூஸைப் பிடுங்குவது, ஸ்டீயரிங்குக்கு அடியில் வரும் மஞ்சள் கனெக்டரைக் கழற்றிவிடுவது. பழைய வண்டி வாங்கும்போது சாவியைத் திருப்பி மீட்டரைப் பாருங்கள். ஏர்பேக் விளக்கு எரிந்து, சில நொடியில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் யாரோ கை வைத்திருக்கலாம். ஒழுங்காக எரிந்து அணைந்தது என்பதற்காக டகாட்டா மாதிரிக் கோளாறு இல்லை என்று அர்த்தமும் இல்லை. அதை சேசிஸ் நம்பர்தான் சொல்லும்.

காசு கொடுப்பது

ரீகால் வேலைக்குப் பாகத்துக்கும் கூலிக்கும் ஒரு பைசா தரவேண்டாம். வாரன்டி முடிந்திருந்தாலும், வெளியில் சர்வீஸ் விட்டிருந்தாலும் அப்படித்தான். சர்வீஸ் அட்வைசர் கூடவே வீல் அலைன்மென்ட், ஏசி கிளீனிங் என்று அடுக்கினால் வேண்டியதை மட்டும் சொல்லுங்கள், ரீகால் தனி வரியாக ஜாப் கார்டில் ஏறட்டும். ரீகாலுக்கு ஓடிபி வேண்டும், முன்பணம் வேண்டும் என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள்.

பழைய வண்டிக்கு இதெல்லாம் கிடையாது என்று நினைப்பது

2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின் 110ஏ பிரிவுப்படி, கோளாறான வண்டிகளைத் திரும்ப அழைக்கச் சொல்லி அரசே உத்தரவிடலாம். 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிகளில் கம்பெனிக்கு அபராதம் ரூ. 10 லட்சம் முதல் ரூ. 1 கோடி வரை. ஏழு வருடத்துக்கு உட்பட்ட வண்டி என்ற வரம்பு இந்தக் கட்டாய ரீகாலுக்குத்தான். கம்பெனியே முன்வந்து அழைப்பதற்கு அந்த வரம்பு இல்லை. கோளாறைத் தானே கண்டுபிடித்து அறிவித்து அழைத்தால் கம்பெனிக்கு அபராதம் இல்லை என்பதும் சட்டத்தில் உண்டு. நாம் செய்தியில் பார்ப்பது பெரும்பாலும் இந்த வகைதான்.

இந்தச் சட்டத்தில் நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஒரே மாடலில் ஒரே கோளாறு என்று குறிப்பிட்ட அளவு ஓனர்கள் புகார் செய்தால் அரசு விசாரணைக்கு எடுக்கும். அதற்கென்று வண்டிப் பதிவுக்கான அரசின் 'வாகன்' இணையதளத்தில் இடம் வைத்திருக்கிறார்கள். நாம் செய்வது, சர்வீஸ் சென்டர் வாசலில் ஒரு சண்டை, வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாய்ஸ் மெசேஜ். இரண்டுமே அந்தக் கணக்கில் ஏறாது.

வேலை முடிந்ததும் ஜாப் கார்டை ஆர்சி நகலோடு சேர்த்து வையுங்கள், அப்படியே உங்கள் இப்போதைய போன் நம்பரையும் சர்வீஸ் சென்டர் கணக்கில் ஏற்றச் சொல்லுங்கள். ஒரு வண்டிக்கு ஒரு ரீகால்தான் வரும் என்று எந்த விதியும் இல்லை.