குழப்பும் மாறியைக் கண்டறிந்து கையாளும் முறை

திருகோணமலை கொட்பே துறைமுகத்தில், மீன் கூட்டத்தைக் காட்டும் எதிரொலிக் கருவி பூட்டிய படகுகளுக்கு மற்றவற்றைவிட மீன்பாடு அதிகம் என்று வைத்துக்கொள்வோம். கருவிதான் மீன்பாட்டைக் கூட்டியது என்று உடனே எழுதிவிடக் கூடாது. கருவி வாங்கும் வசதி பெரும்பாலும் பெரிய படகுக்காரருக்கே உண்டு. பெரிய படகோ கருவி இல்லாவிட்டாலும் ஆழ்கடலுக்குப் போய்க் கூடுதலாகப் பிடிக்கும். இவ்வாறு காரணத்தையும் விளைவையும் ஒருங்கே பாதிக்கும் மூன்றாவதே குழப்பும் மாறி.

கணக்கைத் தொடங்குமுன், எது எதைப் பாதிக்கிறது என்று காட்டும் அம்புக்குறிகளைத் தாளில் வரையுங்கள். கருவி பூட்டுவதையும் மீன்பாட்டையும் சேர்த்துப் பாதிப்பவை எவை என்பதைத் தரவு தானாகச் சொல்லாது. கடலறிந்தவரிடம் கேட்டுத்தான் வரைய வேண்டும். வடகீழ்ப் பருவக்காற்றின் கொந்தளிப்பில் சிறு வள்ளங்கள் கரையில் கிடக்கும் என்பதை அவர்கள்தான் நினைவூட்டுவார்கள்.

அடுத்து, படகுகளை அளவுவாரியாகப் பிரியுங்கள். கற்பனைக் கணக்கொன்று: பெரிய படகு 10இல் 8 கருவியுடையவை, சிறு வள்ளம் 10இல் 2 மட்டுமே கருவியுடையவை, கருவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரியது நாளுக்கு 100 கிலோவும் சிறியது 20 கிலோவும் பிடிக்கின்றன. பிரிக்காமல் சராசரி பார்த்தால் கருவியுடையவற்றுக்கு 84 கிலோ, மற்றவற்றுக்கு 36. அந்த 48 கிலோ வேறுபாடு முழுவதும் படகின் அளவால் வந்தது.

சிலவேளை முடிவு தலைகீழாகவும் மாறும். 1986இல் பிரித்தானியாவில் வெளியான சிறுநீரகக் கல் சிகிச்சைத் தரவில், திறந்த அறுவைச் சிகிச்சை 78 வீதமும் தோல்வழித் துளைச் சிகிச்சை 83 வீதமும் வெற்றி பெற்றிருந்தன. கல்லின் அளவால் பிரித்தபோது சிறு கல்லிலும் (93, 87) பெருங்கல்லிலும் (73, 69) திறந்த அறுவையே முந்தியது. கடினமான கற்கள் அதனிடமே அதிகம் சென்றிருந்தன.

ஆனால் கையில் கிடைத்த மாறிகளையெல்லாம் பிரித்துவிடாதீர்கள். அனுபவமுள்ளவர்களே இங்கே வழுக்குவதுண்டு. கருவியால் தேடும் நேரம் குறைந்து, அதனால் மீன்பாடு கூடினால், தேடும் நேரம் குழப்பும் மாறியன்று, இடைவழி. அதை நிலைப்படுத்தினால், அதாவது தேடும் நேரம் சமமான படகுகளை மட்டும் ஒப்பிட்டால், கருவியின் உண்மையான பயனையே அழித்துவிடுவீர்கள்.

படகோட்டியின் கைராசியை, அதாவது அளக்க முடியாத திறமையை, எப்படிப் பிரிப்பது? இயன்றால் எழுமாற்றாக, சீட்டுக் குலுக்கிக் கருவிகளைப் பகிருங்கள். அப்போது திறமை இருபக்கமும் ஏறக்குறையச் சமமாக விழும். இயலாவிட்டால் அதே படகின் மீன்பாட்டைக் கருவிக்கு முன்னும் பின்னும், ஒரே மாதங்களில் ஒப்பிடுங்கள். அப்போதும் கருவியோடு சேர்த்து வலையையும் மாற்றினாரா என்று உரிமையாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.