வாரண்டி உள்ள காரை டிராக்கில் ஓட்டத் தயார் செய்வது எப்படி? பிரேக் ஆயில், ஒரு ஜாப் கார்டு, கொஞ்சம் வயிற்றெரிச்சல்

போன வருடம் இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் என் காரை முதல்முறையாக ஓட்டினேன். 1 லிட்டர் டர்போ பெட்ரோல் ஹேட்ச்பேக், வாரண்டி இன்னும் பாக்கி இருந்தது. திருவொற்றியூரிலிருந்து மணலி, மாதவரம், பைபாஸ், பூந்தமல்லி என்று போக வேண்டும். விடிவதற்கு முன்பே கிளம்பினால்தான் கண்டெய்னர் லாரிகளிடமிருந்து தப்பிக்கலாம். ஓட்டிய நாள் அருமையாகப் போனது. அதற்கு முந்தைய வாரமும் பிந்தைய இரண்டு மாதமும்தான் என்னைப் பாடாய்ப் படுத்தின.

வடசென்னைக்காரர்களுக்கு ரேஸ் ஒன்றும் புதிது இல்லை. 1990இல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வருவதற்கு முன்பு, செங்குன்றம் தாண்டி சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர் கால விமான ஓடுதளத்தில்தான் பந்தயம் நடந்தது. அப்பா சைக்கிளில் போய்ப் பார்த்திருக்கிறார். நான் கார் எடுத்துக்கொண்டு போகிறேன் என்றதும் அவர் கேட்ட ஒரே கேள்வி, "பிரேக் நல்லா இருக்கா?" சரியான கேள்வி.

ஜாக்கி போட்டுச் சக்கரம் கழற்றத் தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் வையுங்கள்.

படி 1: ஸ்பேனருக்கு முன்பு தாள்

வாரண்டி புத்தகம், இன்சூரன்ஸ் பாலிசி, ஆர்.சி. மூன்றையும் எடுத்து வைத்துப் படியுங்கள். பெரும்பாலான வாரண்டி புத்தகங்களில் பந்தயம், ராலி போன்ற உபயோகத்தால் வரும் பழுது சேராது என்று ஒரு வரி இருக்கும். இன்சூரன்ஸில், ஒழுங்கு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை இதெல்லாம் கவரேஜில் வராது என்று நேரடியாகவே போட்டிருக்கும். டிராக்கில் தடுப்பில் மோதினால் முழுச் செலவும் நம் பாக்கெட்டிலிருந்துதான். அதைத் தாங்க முடியாது என்றால் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், தப்பே இல்லை.

மூன்றாவது, மோட்டார் வாகனச் சட்டம். பிரிவு 52 படி ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். டிராக்குக்கு நாம் வண்டியைச் சாலையில் ஓட்டிக்கொண்டுதானே போகிறோம்?

யூடியூபில் அமெரிக்கக்காரர்கள், "வெளியே வாங்கிய பார்ட் போட்டதற்காக மட்டும் வாரண்டியை மறுக்க முடியாது" என்று அடித்துச் சொல்வார்கள். அவர்கள் சொல்வது 1975இல் வந்த மேக்னசன்-மாஸ் சட்டத்தை. அது அவர்கள் ஊர்ச் சட்டம். இங்கே நமக்கு இருப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். அதை வைத்து வாதாடலாம், ஆனால் வாதாட வேண்டியிருக்கும்.

படி 2: எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது

என் விதி ஒன்றுதான். ஒரு சனிக்கிழமை மதியத்துக்குள் பழையபடி மாட்ட முடியாத எதையும் மாற்றாதே. பிரேக் பேட், பிரேக் ஆயில், டயர் காற்று, இன்ஜின் ஆயில் மட்டம். முதல் நாளுக்கு இது போதும்.

ஈ.சி.யூ ரீமேப், அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரின் சாஃப்ட்வேரை மாற்றிச் சக்தியைக் கூட்டுவது, வேண்டாம். "ஸ்டேஜ் 1 போட்டுக்கலாம் ப்ரோ, சர்வீஸுக்கு விடும்போது ஸ்டாக் ஃபைல் ஏத்திடலாம்" என்பார்கள். ஸ்டேஜ் 1 என்பது ரீமேப்பின் முதல் கட்டம், ஸ்டாக் ஃபைல் என்பது கம்பெனி போட்ட பழைய சாஃப்ட்வேர். பல ஈ.சி.யூக்கள் எத்தனை முறை ஃபிளாஷ் செய்யப்பட்டது (சாஃப்ட்வேர் ஏற்றப்பட்டது) என்று எண்ணி வைத்திருக்கும். பழைய ஃபைலை ஏற்றினாலும் அதுவும் ஒரு எண்ணிக்கைதான். டர்போவோ கிளட்ச்சோ போனால் முதலில் ஸ்கேனரைத்தான் சொருகுவார்கள். ஸ்டியரிங் வீலை மாற்றுவது அதைவிட மடத்தனம். ஏர்பேக் போய்விடும். எண்ணெய் தடவிய காட்டன் ஏர் ஃபில்டரால் சத்தம் கூடுகிறது, வேகம் கூடியதாக நான் உணரவில்லை.

படி 3: பிரேக் ஆயில் (நான் மாட்டிக்கொண்ட இடம்)

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நம்மைப்போல் கடலோரத்தில் வண்டி நிறுத்துபவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். பிரேக் ஆயிலின் தரத்தை டாட் 3, டாட் 4 என்று எண் போட்டுச் சொல்வார்கள். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரம் ஏறிவிட்டால் 140தான். டாட் 4க்கு அதுவே 230, 155. டிராக்கில் நாலைந்து சுற்று அழுத்திப் பிரேக் பிடித்தால் ஆயில் கொதிக்கும். கொதித்தால் ஆவி, ஆவி அமுங்கும், பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. அதனால் புது டாட் 4.

பழைய ஆயிலை ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக்கிலும் உள்ள நிப்பிள் என்ற சின்னத் திருகு வழியாகத்தான் வெளியே எடுக்க வேண்டும். அதற்கு டிரான்ஸ்பரன்ட் டியூப், ஒரு பாட்டில், நிப்பிளுக்குச் சரியான ரிங் ஸ்பேனர் வேண்டும். ஓப்பன் ஸ்பேனரால் திருகினால் நிப்பிளின் முனை மழுங்கிவிடும். கையால் உறிஞ்சும் வேக்யூம் பம்ப் வாங்காதீர்கள். நிப்பிள் மரை வழியாகக் காற்றை இழுத்துக்கொண்டு, உள்ளே இல்லாத குமிழியைக் காட்டி ஏமாற்றும். பெடல் மிதிக்க ஓர் ஆள் இருந்தால் போதும். எனக்கு மச்சான்.

எந்தச் சக்கரத்தில் ஆரம்பிப்பது என்பது வண்டிக்கு வண்டி மாறும், மேனுவலைப் பாருங்கள். மச்சான் மிதித்துப் பிடிக்க, நான் நிப்பிளைத் திறந்து, ஆயில் வந்ததும் மூட, பிறகு அவர் காலை எடுக்க வேண்டும். மூடும் முன்பு காலை எடுத்தால் காற்று உள்ளே போகும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள். அடிவரை மிதித்தால், பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டர் பழையதாக இருந்தால் அதன் சீல் கிழிய வாய்ப்புண்டு. பெயின்டில் சிந்தினால் துடைக்காமல் உடனே தண்ணீர் ஊற்றுங்கள்.

இவ்வளவும் தெரிந்துதான் செய்தேன். நாலாவது சக்கரம் வரும்போது மச்சானோடு கிரிக்கெட் பேச்சு. மேலே ஆயில் டப்பா மட்டம் மினிமம் கோட்டுக்குக் கீழே இறங்கியதை இரண்டு பேருமே பார்க்கவில்லை. காற்றை இழுத்துவிட்டது. பெடல் பஞ்சு மாதிரி ஆனது. இன்னொரு லிட்டர் ஆயில் வாங்கி நாலு சக்கரத்திலும் மறுபடி எடுத்தேன். அதே பஞ்சு. தண்டையார்பேட்டை பட்டறை அண்ணன் ஒரு மிதி மிதித்துவிட்டுச் சொன்னார்: "ஏ.பி.எஸ் உள்ள ஏர் மாட்டிக்கினு கீது தம்பி. மிசின் போட்டு வால்வை ஆட்டுனாத்தான் வரும். எங்கையில அது இல்ல."

ஏ.பி.எஸ் என்பது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு. அதற்குள் காற்று சிக்கிவிட்டது. எனவே, ஒவ்வொரு சக்கரம் முடிந்ததும் டப்பாவைப் பாருங்கள். ஒரு சக்கரத்துக்கு நடுவிலும் ஒருமுறை பாருங்கள். பேச்சு அப்புறம்.

படி 4: பேட், டயர், நட்டு

அதிக சூடு தாங்கும் பேட் போட்டால் பதப்படுத்த வேண்டும், அதாவது ஓட்டிப் பிரேக் பிடித்துப் பிடித்துப் பழக்க வேண்டும். விடியற்காலையில் மீஞ்சூர் பக்கம் வெளிவட்டச் சாலையில், பின்னால் யாரும் வராதபோது, 60லிருந்து 10 வரை எட்டுப் பத்து முறை பிடித்தேன், முழுசாக நிறுத்தவில்லை. பிறகு ஆற விட்டு வீட்டுக்கு வந்தேன். பழைய பேட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

வீல் நட்டைச் சரியான அளவுக்கு இறுக்க, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வாங்குங்கள். பாரிமுனை டூல்ஸ் கடைகளில் கிடைக்கும். பஞ்சர் கடை ஏர் கன்னை நம்பி டிராக்குக்குப் போகாதீர்கள். டயர் காற்றை அளக்கச் சொந்த கேஜ் வேண்டும். சில சுற்றில் காற்றழுத்தம் நாலைந்து பி.எஸ்.ஐ ஏறும், அதைக் குறைத்தீர்கள் என்றால் வீட்டுக்குக் கிளம்பும்போது மறக்காமல் நிரப்புங்கள்.

டிராக்கில்: கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி பிரேக்கை ஆற விடுங்கள். நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் இழுக்காமல் கியரில் விட்டுக் கட்டை வையுங்கள்.

படி 5: ஜாப் கார்டு

அந்த ஏ.பி.எஸ் காற்றை எடுக்க அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்குத்தான் போனேன். ஒரு மணி நேர வேலை. ஆனால் அட்வைசரிடம் உற்சாகத்தில் டிராக் கதையெல்லாம் சொன்னேன். அவர் ஜாப் கார்டில் (வண்டியை விடும்போது என்ன கோளாறு, என்ன வேலை என்று பதிவு செய்யும் தாள்) "வண்டி ரேஸுக்கு உபயோகம்" என்று டைப் செய்தார். நான் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன்.

டிராக் முடிந்து சில வாரத்தில் ஏ.சி. கம்ப்ரஸர் போனது. வாரண்டியில் வராது என்றார்கள். ஏன் என்றால், அந்த வரியைக் காட்டினார்கள். பிரேக் பேடுக்கும் ஏ.சி.க்கும் என்ன சம்பந்தம் என்று கத்தினேன், பயனில்லை. பிறகு கத்துவதை விட்டுவிட்டு மின்னஞ்சல் அனுப்பினேன்: எந்தப் பாகம், எந்தக் காரணத்தால் பழுது, புத்தகத்தின் எந்த விதிப்படி மறுக்கிறீர்கள், எழுத்தில் தாருங்கள். கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கும் ஒரு நகல். பத்து நாளில் கம்ப்ரஸரை இலவசமாக மாற்றினார்கள்.

அதே சமயத்தில் முன் வீல் பேரிங் ஒன்றும் முனகியது. அதை மறுத்தார்கள். அதில் எனக்குச் சண்டை போட மனசு வரவில்லை. வளைவில் அந்தப் பேரிங்கை நான் என்ன பாடுபடுத்தினேன் என்று எனக்குத் தெரியும். காசு கொடுத்து மாற்றிக்கொண்டேன்.

பொய் சொல்லுங்கள் என்று நான் சொல்லவில்லை. என்ன கோளாறோ அதைச் சொல்லுங்கள், அவர்கள் என்ன எழுதுகிறார்கள் என்று படியுங்கள், தவறாக இருந்தால் திருத்தச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பில், பழைய பேட், மாற்றும் முன்பும் பின்பும் எடுத்த போட்டோ எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும்.

பின்சேர்க்கை: ஒரு வாசகர் டாட் 5 பெரிய எண் என்பதால் அதை வாங்கிவிட்டேன் என்று எழுதியிருந்தார். ஊற்றாதீர்கள்! டாட் 5 சிலிக்கான், டாட் 3, 4 உடன் கலக்கக்கூடாது. டாட் 5.1 வேறு, அது டாட் 3, 4 போலவே கிளைக்கால் என்ற ரசாயன வகை, டாட் 4 போடும் வண்டியில் சேரும்.

இன்னொரு பின்சேர்க்கை: பிரேக் ஆயில் மாற்றிய பிறகு கிளட்ச் பெடல் மேலே வரவில்லை என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். பல மேனுவல் வண்டிகளில் கிளட்ச்சுக்கும் அதே டப்பாதான். டப்பா காலியானால் அங்கேயும் காற்று போகும், கிளட்ச் நிப்பிளிலும் எடுக்க வேண்டும். அந்த நிப்பிள் கியர்பாக்ஸ் பக்கத்தில் இருக்கும், என் வண்டியில் பேட்டரி தட்டைக் கழற்றாமல் கை போகவில்லை.