பழைய அமெரிக்கத் தங்க நாணயம் வாங்கும் முன் எடை போடுங்கள்

1850 முதல் 1933 வரை அமெரிக்காவில் அச்சான 20 டாலர் தங்க நாணயத்துக்கு 'டபுள் ஈகிள்' என்று பெயர். அதன் எடை 33.436 கிராம், விட்டம் சுமார் 34 மில்லிமீட்டர். 90 சதவீதம் தங்கம், மற்றதில் பெரும்பகுதி செம்பு. எடை, விட்டம் இரண்டையும் சேர்த்தே பாருங்கள். தங்கம் அடர்த்தியானது என்பதால், சாதாரண உலோகத்தில் செய்த போலி அதே அளவில் இருந்தால் எடை குறையும். எடையைச் சரிக்கட்டினால் தடிமனோ விட்டமோ கூடிவிடும். தங்கத்தின் அளவுக்கே அடர்த்தியான டங்ஸ்டன் உலோகம் வைத்த போலி மட்டும் இதில் தப்பிவிடலாம். ஆகவே விலை அதிகமென்றால் தரச்சான்று பெற்ற நாணயமே நல்லது.

அப்புறம் நாணயச்சாலைக் குறி, அதாவது நாணயம் எந்த ஊரில் அச்சானது என்று காட்டும் எழுத்து. 1907 வரை வந்த, லிபர்ட்டி (சுதந்திரத் தேவி) தலை பொறித்த நாணயத்தில் அது இருந்தால், பின்பக்கம் கழுகுக்குக் கீழே இருக்கும். 'சிசி' (CC) என்றால் நெவாடாவின் கார்சன் சிட்டி. சேகரிப்பாளர்கள் இதற்குக் கூடுதல் விலை தருவார்கள்.

தயவுசெய்து புளியோ பாலிஷோ போட்டுத் தேய்க்காதீர்கள்! போன மேற்பரப்பு திரும்பி வராது, சேகரிப்பு மதிப்பும் அதோடு போய்விடும். விளிம்பைப் பிடித்தே எடுங்கள்.