சியோலுக்கு வெளியே ஆங்கில ஆசிரியராக: கியோங்கி மாகாணத்திற்குச் செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

தென் கொரியாவில் ஆங்கிலம் கற்பிக்க விரும்புபவர்கள் பெரும்பாலும் சியோலை மனத்தில் வைத்தே விண்ணப்பிக்கிறார்கள்; ஆனால் கையில் வந்து சேரும் பணி ஆணையில் சுவோன், யோங்கின், கோயாங், ஆன்சான் என்று தலைநகரைச் சூழ்ந்த கியோங்கி மாகாணத்தின் ஊர்ப் பெயர்களே பல முறை இருக்கும். இதில் ஏமாற்றம் கொள்ள ஒன்றுமில்லை. 1.3 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் இம்மாகாணத்தில், சியோலின் வீட்டுப் பற்றாக்குறையைத் தீர்க்க 1989இல் அறிவிக்கப்பட்ட புந்தாங், இல்சான் போன்ற புதுநகரங்களும், பின்னர் எழுந்த தொங்தான் போன்றவையும் பிள்ளைகளுள்ள குடும்பங்களால் நிரம்பியவை. அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு நடுவே நிற்கும் வணிகக் கட்டடங்களில் ஒரு தளத்தில் கணிதம், அடுத்த தளத்தில் ஆங்கிலம், அதற்கும் மேலே பியானோ எனத் தனியார் பயிற்சி நிலையங்கள் இயங்குகின்றன. இவற்றைக் கொரியர்கள் ஹாக்வொன் என்கிறார்கள்.

முதலில் தகுதியைப் பார்க்க வேண்டும். ஆங்கில ஆசிரியருக்குரிய ஈ-2 விசா அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாடுகளின் குடிமக்களுக்கே பொதுவாக வழங்கப்படுகிறது, பட்டப்படிப்பும் கட்டாயம். டொரன்டோவிலோ லண்டனிலோ குடியுரிமை பெற்ற தமிழர்கள் இதில் அடங்குவர் என்றாலும், அரசுப் பள்ளிகளுக்கான எபிக் திட்டம் 7ஆம் வகுப்பு முதலே ஆங்கிலவழியில் படித்திருக்க வேண்டும் என்று கேட்பதால், வளர்ந்த பின் புலம்பெயர்ந்தவர்கள் அதற்கு விண்ணப்பிக்கும் முன் தம் பள்ளிச் சான்றுகளைச் சரிபார்ப்பது நல்லது. இந்தியக் குடிமக்களுக்குக் குறுகலான ஒரு வழி உண்டு: 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரியப் பொருளாதார ஒப்பந்தத்தின்படி, பட்டமும் ஆங்கில ஆசிரியருக்கான சான்றிதழும் உள்ளவர்கள் பள்ளிகளில் துணை ஆசிரியராகச் சேரலாம். இந்த வழி ஹாக்வொன்களுக்குப் பொருந்தாது. பொருந்தும் என்று சொல்லும் முகவரை நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

பட்டச் சான்றுக்கும் தேசிய அளவிலான காவல்துறை நற்சான்றுக்கும் அவற்றை வெளிநாட்டில் செல்லத்தக்கதாக்கும் அப்போஸ்டில் முத்திரை வேண்டும். நற்சான்று பழையதாகிவிட்டால் ஏற்கப்படாது என்பதால் அதைக் கடைசியில் எடுப்பதே சரி. நாட்டில் இறங்கியபின் மருத்துவப் பரிசோதனையை முடித்து, 90 நாள்களுக்குள் வெளிநாட்டவர் பதிவு அட்டை பெற வேண்டும். வங்கிக் கணக்கு, கைப்பேசி இணைப்பு என எல்லாமே இந்த அட்டையை நம்பியிருக்கின்றன.

வேலை தேடும்போது ஊதியத்தை முதலில் பார்ப்பது இயல்பு. என் கணிப்பில், புறநகரில் அதைவிட முக்கியமானவை வகுப்பு முடியும் நேரமும், வீட்டிலிருந்து ரயில் நிலையத்துக்கு உள்ள தொலைவும்தான். புதிதாக வருபவர்களுக்குச் சொல்லப்படும் தொகைகள் ஏறத்தாழ ஒரே வரம்புக்குள் இருக்கின்றன. அன்றாட வாழ்க்கையோ இடத்துக்கு இடம் முற்றிலும் மாறுகிறது. அரசுப் பள்ளியில் காலை 8.30 முதல் மாலை 4.30 வரை வேலை, வாரத்திற்கு 22 பாடவேளைகள், உடன் ஒரு கொரிய ஆசிரியர். மழலையருக்கான ஆங்கில நிலையங்களும் காலையிலேயே தொடங்கிவிடும். பள்ளி மாணவர்களுக்கான ஹாக்வொன்கள் பிற்பகலில் தொடங்கி, கியோங்கியில் அனுமதிக்கப்பட்ட எல்லையான இரவு 10 மணி வரைகூட நீளும். அந்நேரத்தில் வெளியே வந்து சியோலில் நண்பர்களைச் சந்தித்துத் திரும்பலாம் என்பது வெறும் கற்பனை.

ஒப்பந்தத்தை வரிக்கு வரி படிக்க வேண்டும். ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு, வேலைக் காப்பீடு, பணியிட விபத்துக் காப்பீடு ஆகிய நான்கும் அதில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும். முதல் இரண்டின் கட்டணத்தில் பாதியை முதலாளி செலுத்துகிறார். அதற்குப் பதிலாக ‘3.3 விழுக்காடு வரி மட்டும் பிடிப்போம், கையில் அதிகம் கிடைக்கும்’ என்றால், உங்களைத் தொழிலாளியாக அல்லாமல் சுயதொழில் செய்பவராகக் கணக்கில் காட்டுகிறார்கள் என்று பொருள். முதலாளியின் பங்கு அதோடு போய்விடும், ஆண்டு முடிவில் பணிக்கொடை கேட்கும்போதும் வாக்குவாதம் எழும். ஓராண்டு முழுமையாக வேலை செய்தவருக்குச் சுமார் ஒரு மாத ஊதியம் பணிக்கொடையாகச் சட்டப்படி உண்டு என்பதால், பதினோராம் மாதத்தில் காரணமின்றி வேலையை விட்டு நீக்கும் நிலையங்களும் இல்லாமலில்லை. அங்கு வேலை செய்துவிட்டுச் சென்ற ஆசிரியர் ஒருவரிடமாவது பேசாமல் கையெழுத்திடாதீர்கள். ஈ-2 விசா முதலாளியோடு பிணைந்தது. இடையில் வேறிடம் மாற வேண்டுமானால் பொதுவாக அவருடைய சம்மதக் கடிதம் தேவைப்படும். தொழிலாளர் அமைச்சகத்தின் 1350, குடிவரவுத் துறையின் 1345 ஆகிய உதவி எண்களைக் கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள்.

பெரும்பாலான நிலையங்கள் ஓர் அறை வீட்டைத் தாமே தருகின்றன. வீட்டுப்படியை வாங்கிக்கொண்டு நீங்களே வீடு தேடினால், வாடகையோடு 50 லட்சம் முதல் 1 கோடி வொன் வரை முன்பணம் கேட்பார்கள். முதல் ஆண்டில் அதற்குள் இறங்காமலிருப்பதே நல்லது. கொடுக்கப்படும் வீட்டின் முகவரியை முன்கூட்டியே கேட்டு, நேவர் அல்லது ககாவோ வரைபடச் செயலியில் பார்த்துவிடுங்கள். கூகுள் வரைபடம் அங்கு போதிய வழி காட்டுவதில்லை. புந்தாங்கிலிருந்தும் சுவோனின் குவாங்கியோவிலிருந்தும் சியோலின் கங்னம் பகுதிக்குச் செல்லும் ஷின்புந்தாங் ரயில் வேகமானது, கட்டணமும் கூடுதல். ரயில் எட்டாத இடங்களில் சிவப்பு நிற விரைவுப் பேருந்துகளே துணை. அவை விரைவுச்சாலையில் ஓடுவதால் நின்று பயணிக்க அனுமதியில்லை. காலை நெரிசலில் இருக்கைகள் நிறைந்த பேருந்து உங்கள் நிறுத்தத்தில் நிற்காமலே போகும். எத்தனை இருக்கைகள் மீதமுள்ளன என்பதைச் செயலியே காட்டிவிடும்.

வகுப்பறையில் தமிழ் பேசுபவருக்கு ஒரு வசதி உண்டு. மெய்யொலியில் முடியும் ஆங்கிலச் சொல்லின் இறுதியில் கொரியப் பிள்ளைகள் ஓர் உகரச் சாயலைச் சேர்க்கிறார்கள். ‘ஃப’ ஒலி அவர்களுக்குப் பகரமாகிவிடுகிறது. பஸ்ஸு, காப்பி என்று சொல்லி வளர்ந்த நமக்கு இந்த இடர்ப்பாடு எங்கிருந்து பிறக்கிறது என்பதை விளக்க வேண்டியதில்லை. வாய் திறக்கத் தயங்கும் பிள்ளையைத் தனியாக எழுப்பிக் கேள்வி கேட்பதைவிட, இருவர் இருவராகப் பேசவிட்டுப் பின் கேட்பது பலன் தரும்.

கொரிய எழுத்துகளைப் புறப்படுமுன்பே படித்துவிடுங்கள். அடிப்படை எழுத்துகள் 24 மட்டுமே. குப்பைக்கு அந்தந்த நகராட்சியின் பெயர் அச்சிட்ட பைகளைக் கடையில் வாங்க வேண்டும், உணவுக் கழிவைத் தனியே பிரிக்க வேண்டும். யோங்கினுக்குக் குடிபெயர்ந்தவர் சுவோன் பையை வெளியில் வைத்தால் அது எடுக்கப்படாமல் அங்கேயே கிடக்கலாம். சைவ உணவுக்காரர்கள் உணவகங்களில் திணறுவார்கள்: காய்கறிக் குழம்பு போலத் தோன்றுவதன் அடியில் நெத்திலிச் சாறும், கிம்ச்சியில் புளிக்கவைத்த மீன் சாறோ உப்பிட்ட இறாலோ இருக்கும். தெற்காசியத் தொழிலாளர்கள் கூடும் ஆன்சானின் வொன்கொக் பகுதிக் கடைகளில் பருப்பும் மசாலாவும் தேடலாம்.

திரும்பும்போது அமெரிக்க, கனடிய, ஆஸ்திரேலிய, இந்தியக் குடிமக்கள் தாம் செலுத்திய ஓய்வூதியத் தொகையை மொத்தமாகத் திரும்பப் பெறலாம். பிரிட்டன் குடிமக்களுக்கு அந்த வாய்ப்பில்லை. பணிக்கொடை, வேலை முடிந்த 14 நாள்களுக்குள் வர வேண்டும் என்பதால், அது வந்து சேரும்வரை கொரிய வங்கிக் கணக்கை மூடாதீர்கள்.